அமெரிக்கத் தெற்கின் கீரைச் சட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜியா, இரண்டு கரோலினாக்கள், அலபாமா, டென்னசி என்று அமெரிக்காவின் தென்மாநிலங்களில் குடியேறிய நம்மவர்கள் காய்கறிக் கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது கீரைதான். ஒரு கட்டைத் தூக்கினால் கை நிறையும், விலையும் மலிவு. ஆசையாக வாங்கி வந்து, முருங்கைக் கீரைக்குச் செய்வதுபோல் தாளித்து வதக்கி இறக்கினால் மெல்லவே முடியாது. அதன் பிறகு வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பெரிது பெரிதாக, நீலம் பாய்ந்த பச்சை இலைகளாகக் கட்டி வைத்திருக்கிறார்களே, அது என்ன கீரை?

காலர்ட். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேல் எல்லாம் எந்தத் தாவர இனமோ அதே இனம்தான் இதுவும். கோஸ் தன் இலைகளைச் சுருட்டி உருண்டை கட்டும். காலர்ட் விரித்தபடியே நிற்கும். இலை தடிமன். மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். காஷ்மீரிகள் தினமும் சமைக்கும் ‘ஹாக்’ கீரையும் கென்யாவின் ‘சுக்குமா விக்கி’யும் இதற்கு நெருங்கிய சொந்தம். தெற்கு கரோலினா மாநிலம் 2011-இல் இதைத் தன் அதிகாரபூர்வக் காய்கறியாகவே அறிவித்துவிட்டது.

காலர்ட், டர்னிப் கீரை, கடுகுக்கீரை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எதை வாங்குவது?

முதல் முறை என்றால் காலர்ட். அதிகம் வெந்துவிட்டாலும் கெட்டுப்போகாது, கசப்பும் அடக்கமாக இருக்கும்.

டர்னிப் கீரை கொஞ்சம் மிளகுக் காரம் உள்ளது, இலையில் லேசான சொரசொரப்பு. அடியில் கிழங்கோடு கிடைத்தால் விடாதீர்கள். தோல் சீவித் துண்டு போட்டுக் கீரையோடு சேர்த்து வேக வைப்பதுதான் அங்கே வழக்கம். முள்ளங்கிக் கீரையும் முள்ளங்கியும் சேர்த்துக் கூட்டு வைத்துப் பழகிய நாக்குக்கு இது உடனே பிடிக்கும்.

கடுகுக்கீரை மூன்றிலும் மென்மை, ஆனால் மூக்கில் ஏறும். நாம் தாளிக்கும் கடுகைத் தரும் செடியின் இலைதான் இது. அரை மணி நேரத்துக்குள் குழைந்துவிடும். தனியாகச் சமைப்பதைவிட காலர்ட் இரண்டு பங்கு, கடுகுக்கீரை ஒரு பங்கு என்று கலப்பது எனக்குப் பிடித்த கணக்கு. ஒன்று உடம்பைக் கொடுக்கும், மற்றது வாசனையைக் கொடுக்கும்.

கேல் பற்றியும் கேட்கிறார்கள். நல்ல கீரைதான், ஆனால் இந்தச் சமையலின் பழைய குடித்தனக்காரர் இல்லை.

நம் கீரை ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். இதை ஏன் ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள்? சத்தெல்லாம் போய்விடாதா?

அரைக்கீரை, சிறுகீரை, பசலை எல்லாம் இளசான, நீர் நிறைந்த இலைகள். சூடு பட்டதும் துவண்டுவிடும். காலர்ட் இலையில் நார் அதிகம், நரம்பும் தடிப்பு. பத்து நிமிடத்தில் நிறம் அழகாக இருக்கும், ஆனால் தாடை வலிக்கும். முக்கால் மணி நேரம் தாண்டும்போதுதான் இலை பட்டுப்போலாகி, கசப்பு தணிந்து, ஒரு மெல்லிய இனிப்பு தலைகாட்டும்.

சத்து விஷயம் பாதி சரி. நீண்ட கொதியில் வைட்டமின் சி குறையும். ஆனால் தாது உப்புகள் எங்கும் ஓடிவிடாது. இலையிலிருந்து இறங்கி அந்தத் தண்ணீரில்தான் நிற்கும். தண்ணீரை வடித்துக் கொட்டினால் நஷ்டம். அங்கே யாரும் கொட்டுவதில்லை. இந்தச் சமையலின் சூட்சுமமே அந்தச் சாறுதான், அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். இப்போதைக்கு இதைக் கீரை என்று நினைக்காமல் ஆட்டுக்கால் சூப் என்று நினைத்துக்கொண்டு அடுப்பை மூட்டுங்கள், பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

எத்தனை தடவை கழுவுவது?

மண் வருவது நிற்கும் வரை. தெற்கின் கடலோர நிலம் மணற்பாங்கானது, இலை மடிப்பில் மணல் ஒளிந்திருக்கும். குழாயடியில் காட்டுவது போதாது. சிங்க்கையோ பெரிய அண்டாவையோ நிரப்பி இலையை முக்கி, அலசி, கையால் அள்ளி வெளியே எடுக்க வேண்டும். இலையை உள்ளே வைத்துக்கொண்டே தண்ணீரைச் சாய்த்தால் அடியில் படிந்த மண் மறுபடி இலைமேல் வந்து உட்காரும். மூன்றாவது தண்ணீரில் விரலால் பாத்திரத்தின் அடியைத் தடவிப் பாருங்கள். நறநறவென்று பட்டால் நான்காவது.

‘கழுவி நறுக்கியது’ என்று பையில் விற்பதையும் ஒரு முறை அலசிவிடுவது நல்லது. அந்தப் பைகளில் தடித்த தண்டும் சேர்ந்தே வெட்டப்பட்டிருக்கும். பொறுக்கி எடுக்க நேரம் ஆகும்.

தண்டை எறிந்துவிடலாமா?

நடு நரம்பை மட்டும் நீக்கினால் போதும். இலையைத் தலைகீழாகப் பிடித்து, தண்டின் அடியிலிருந்து மேல்நோக்கி இரண்டு விரலால் உருவினால் இலை தனியாக வந்துவிடும். நுனியில் இருக்கும் மெல்லிய நரம்பு வெந்துவிடும், விட்டுவிடுங்கள். உருவிய தண்டைப் பொடியாக அரிந்து, கீரைக்குக் கால் மணி நேரம் முன்பே சட்டியில் போட்டால் அதுவும் வெந்துவிடும். சாம்பாரிலும் போடலாம். எறிய வேண்டிய பொருள் இல்லை.

சரி, அடிப்படைச் செய்முறையைச் சொல்லுங்கள்.

ஆறு பேருக்கு இரண்டு பெரிய கட்டு, அதாவது ஏறக்குறைய ஒரு கிலோ காலர்ட் வேண்டும். பச்சையாகப் பார்க்கும்போது ஊருக்கே போதும்போல் தோன்றும். வெந்தபின் சட்டியின் அடியில் ஒடுங்கிவிடும். அளவைக் குறைக்காதீர்கள்.

பழைய முறையில் சாறுக்கு உயிர் கொடுப்பது புகையிட்ட பன்றியின் கணுக்கால் எலும்பு. அது வேண்டாம் என்பவர்களுக்குப் புகையிட்ட வான்கோழியின் இறக்கையோ கழுத்தோ. இரண்டும் தென்மாநிலக் கடைகளில் இறைச்சிப் பகுதியில் சாதாரணமாகக் கிடைக்கும். அதை முதலில் தனியாக இரண்டு லிட்டர் தண்ணீரில், நறுக்கிய ஒரு பெரிய வெங்காயம், தட்டிய ஐந்தாறு பல் பூண்டு, கிள்ளிய இரண்டு காய்ந்த மிளகாய், கொஞ்சம் மிளகு போட்டு ஒரு மணி நேரம் சிறு தீயில் கொதிக்க விடுங்கள். எலும்பின் பசை தண்ணீரில் இறங்கி, விரலால் தொட்டால் லேசாக ஒட்ட வேண்டும். அந்த நிலை வரும் முன் கீரையைப் போடுவதில் அர்த்தமில்லை.

கழுவிய இலைகளை நாலைந்தாக அடுக்கிச் சுருட்டி ஓர் அங்குல அகலத்துக்கு நறுக்குங்கள். கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, துவண்டதும் அடுத்த கைப்பிடி. எல்லாம் உள்ளே போனதும் தீயைக் குறைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்தபடி சாய்த்து வையுங்கள். நாற்பத்தைந்து நிமிடம் கழித்து ஓர் இலையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். பல்லில் எதிர்ப்புத் தெரிந்தால் இன்னும் பதினைந்து நிமிடம். குளிர்காலத்துக் கீரை சீக்கிரம் வேகும், கோடையில் முற்றியது இழுக்கும். கடிகாரத்தைவிடப் பல்லை நம்புங்கள்.

உப்பு கடைசியில்தான். புகையிட்ட இறைச்சியே உப்புக் கரிக்கும், சாறு வற்ற வற்ற அது இன்னும் ஏறும். இறக்கும் முன் ஒன்றிரண்டு டேபிள் ஸ்பூன் ஆப்பிள் சைடர் வினிகர். எலும்பை வெளியே எடுத்து, ஒட்டியிருக்கும் சதையைப் பிய்த்துப் போட்டு, எலும்பை எறிந்துவிடலாம். ஒரு சிட்டிகை சர்க்கரை போடுபவர்கள் உண்டு, போடுவதா என்று சண்டை போடுபவர்களும் உண்டு. நான் போடுவதில்லை.

நாங்கள் சைவம். இறைச்சி இல்லாமல் அந்தச் சுவை வருமா?

அதே சுவை வராது. வேறொரு நல்ல சுவை வரும், அதை வரவழைக்க மூன்று வேலை இருக்கிறது.

எலும்பு கொடுத்தவை மூன்று: புகை வாசனை, கொழுப்பு, அடிநாக்கில் நிற்கும் ஒரு கனம். புகைக்கு ஸ்மோக்ட் பாப்ரிகா ஒரு டீஸ்பூன், அல்லது சிப்போட்லே எனப்படும் புகையிட்டுக் காயவைத்த மெக்சிகோ மிளகாய் ஒன்று. கொழுப்புக்கு நாலு டேபிள் ஸ்பூன் எண்ணெய். இங்கே கஞ்சத்தனம் காட்டினால் கீரை வறண்டு தனியே நிற்கும். கடலை எண்ணெய் பொருந்தும், தெற்கிலும் நிலக்கடலைக்குக் குறைவில்லை. கனத்துக்கு வெங்காயம்தான் வழி. இரண்டு பெரிய வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து அந்த எண்ணெயில் பொன்னிறம் தாண்டி நல்ல பழுப்பு வரும் வரை, இருபது நிமிடமாவது, பொறுமையாக வதக்குங்கள். அடிப்பிடித்த பழுப்பைத் தண்ணீர் விட்டுச் சுரண்டிக் கரைத்தால் சாறின் நிறமே மாறிவிடும். உலர்ந்த ஷிடாக்கே காளான் நாலைந்தைச் சேர்த்துக் கொதிக்க விட்டால் இன்னும் ஆழம் வரும். காளானும் ஆகாத வீடுகளில் ஒரு ஸ்பூன் சோயா சாஸ் அந்த வேலையில் பாதியைச் செய்யும்.

வெங்காயம் பூண்டே சேர்க்காதவர்கள் தெற்கை விட்டுக் காஷ்மீருக்குப் போவது நல்லது. கடுகெண்ணெயைப் புகைய விட்டு, பெருங்காயம், கீறிய பச்சை மிளகாய், காய்ந்த மிளகாய் போட்டு, தண்ணீர் ஊற்றி, முழு இலையாகவே வேக வைத்துச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவார்கள். எலும்பும் வேண்டாம், காளானும் வேண்டாம்.

குக்கரில் வைக்கலாமா?

வைக்கலாம். ‘இன்ஸ்டன்ட் பாட்’ என்ற மின்குக்கரில் எலும்பை முதலில் தனியாக முப்பத்தைந்து நாற்பது நிமிடம், பிறகு கீரையைச் சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிடம். நம் விசில் குக்கரில் கீரைக்கு இரண்டு மூன்று விசில். தண்ணீரைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆவி வெளியே போகாது. சாறு நீர்த்திருந்தால் கடைசியில் மூடியைத் திறந்து வற்ற விடுங்கள்.

கசக்கிறது. வீடெல்லாம் நாற்றம் வேறு.

இரண்டுக்கும் காரணம் கடுகுக் குடும்பச் செடிகளில் இருக்கும் கந்தகம் கலந்த சேர்மங்கள். பூச்சி தின்னாமல் இருக்கச் செடி வைத்துக்கொண்ட தற்காப்பு அது. மூடியைத் திறந்து வைத்தால் ஆவியோடு கொஞ்சம் போகும். ஜன்னலைத் திறவுங்கள், புகைவிசிறியைப் போடுங்கள்.

கசப்புக்குச் சிறந்த மருந்து கடையில்தான் இருக்கிறது: குளிர்காலத்தில் வாங்குங்கள். உறைபனி விழுந்தபின் பறித்த காலர்ட் இனிக்கும். குளிரில் செல்லுக்குள் நீர் உறையாமல் இருக்கச் செடி சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது. தெற்கின் பாட்டிமார்கள் முதல் பனி விழாமல் கீரையைத் தொடமாட்டார்கள். ஜூலையில் வாங்கிவிட்டுக் கசக்கிறது என்றால் சமைத்தவர்மேல் குற்றமில்லை.

பச்சை நிறம் போகாமல் இருக்க ஆப்பசோடா போடலாமா?

அங்கேயும் சில பழைய வீடுகளில் ஒரு சிட்டிகை போடுவார்கள். நிறம் நிற்கும். கூடவே இலை வழவழவென்று குழைந்து, வைட்டமின்கள் சிலவும் அழியும். நல்ல காலர்ட் வெந்தபின் ஆலிவ் காய் நிறத்துக்கு மங்கித்தான் ஆகும், இலையிலிருக்கும் அமிலம் பச்சையத்தில் உள்ள மக்னீசியத்தை வெளியேற்றிவிடுவதால். அதை மறைக்க வேண்டியதில்லை. வினிகரைக் கடைசியில் விடச் சொன்னதும் இதனால்தான்: முதலிலேயே விட்டால் நிறமும் சீக்கிரம் போகும், நாரும் இளகாது.

அந்தச் சாறைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன் என்றீர்களே?

அங்கே அதன் பெயர் ‘பாட் லிக்கர்’. மதுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கீரை வெந்த தண்ணீர், எலும்பின் பசை, பூண்டு, மிளகாய், கடைசியில் விட்ட வினிகர் எல்லாம் சேர்ந்து பழுப்புப் பச்சையில், மேலே எண்ணெய்ச் சுழி மின்ன நிற்கும். கப்பில் ஊற்றிக் குடிப்பார்கள். உடம்பு முடியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள். வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப்புண்ணுக்கும் மணத்தக்காளித் தண்ணிச்சாறு வைத்துக் கொடுக்கும் நம் வீடுகளுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அடிமைமுறைக் காலத்தில் பண்ணை வீட்டு மேசைக்கு இலை போகும், சமைத்தவர்களுக்கு மிஞ்சியது சட்டியில் நின்ற சாறு என்று சொல்வார்கள். சத்தெல்லாம் இறங்கியிருந்தது எதில் என்பது மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியவில்லை.

பின்னாளில் இதே சாறு அரசியல் மேடை ஏறியது. 1931-இல் லூசியானா ஆளுநர் ஹியூவி லாங், கார்ன் பிரெட்டைச் சாறில் முக்கித்தான் சாப்பிட வேண்டும் என்றார். ‘அட்லாண்டா கான்ஸ்டிட்யூஷன்’ நாளிதழ் உதிர்த்துப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று வரிந்து கட்டியது. பொருளாதாரப் பெருமந்தத்தில் நாடு தவித்துக்கொண்டிருந்த நேரம். வாசகர்கள் கடிதம் எழுதித் தள்ளினார்கள். இட்லியைச் சாம்பாரில் மிதக்க விடுவதா தொட்டுக்கொள்வதா என்று நம்மிடம் கேட்டால் நாமும் சும்மா இருக்கமாட்டோம். என் ஓட்டு உதிர்ப்பதற்கு. முக்கினால் பாதி மேசையில் சொட்டுகிறது.

அந்த கார்ன் பிரெட்டை எப்படிச் செய்வது? கடையில் கார்ன் ஃப்ளோர் வாங்கிச் செய்தால் களியாகிவிட்டது.

இந்தியக் கடையில் கார்ன் ஃப்ளோர் என்று கேட்டால் கிடைப்பது மக்காச்சோள மாச்சத்து, மஞ்சூரியன் குழம்பைக் கெட்டியாக்கப் போடும் வெள்ளைப் பொடி. இதற்கு வேண்டியது கார்ன் மீல், மக்காச்சோளத்தை மெல்லிய ரவை பதத்துக்கு உடைத்தது.

இரண்டு கப் கார்ன் மீல், தலா ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் உப்பும், அரை டீஸ்பூன் ஆப்பசோடா, ஒரு முட்டை, ஒன்றரை கப் கெட்டி மோர். மாவு தோசை மாவைவிடச் சற்றே தளர்வாக வர வேண்டும். இறுகினால் இன்னும் கொஞ்சம் மோர். இரும்புச் சட்டியில் மூன்று ஸ்பூன் எண்ணெயோ வெண்ணெயோ விட்டு 425 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் சட்டியை நன்றாகக் காயவிட்டு, வெளியே எடுத்து மாவை ஊற்றுங்கள். ஊற்றும்போது ‘சுர்’ரென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அடி மொறுமொறுக்காது. இருபது இருபத்தைந்து நிமிடத்தில் ஓரம் சட்டியை விட்டு விலகும். சர்க்கரை போட்டால் அது கேக் என்பது தெற்கில் பலரின் கட்சி.

மேசையில் ஒரு பாட்டிலில் மிளகாய் மிதக்கிறதே?

மிளகாய் வினிகர். சின்னச் சின்னக் கார மிளகாய்களைக் காம்பு கிள்ளி, ஊசியால் குத்திப் பாட்டிலில் அடைத்து, வெள்ளை வினிகரைக் கொதிக்க வைத்து ஊற்றி மூடி, ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரத்தில் தயார். கீரைமேல் நாலு சொட்டு. நம் ஊசி மிளகாய் இதற்கென்றே பிறந்தது.

இது வெள்ளைக்காரர் சமையலா, கறுப்பினத்தவர் சமையலா?

விதை ஐரோப்பாவிலிருந்து வந்தது, கைப்பக்குவம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இலைகளை நேரமெடுத்து வேக வைத்து, சாறோடு ஒரு மாவுப் பண்டத்தைத் தொட்டுச் சாப்பிடுவது மேற்கு ஆப்பிரிக்க வழக்கம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தங்கள் குடிசையோரத்துச் சிறு தோட்டத்தில் பயிரிட முடிந்த கீரையை வைத்து, பங்கீடாகக் கிடைத்த உப்புப் பன்றியைச் சேர்த்து, தங்களுக்குத் தெரிந்த வகையில் சமைத்தார்கள். பண்ணை வீட்டு அடுப்படியில் நின்றவர்களும் அவர்களே என்பதால் அந்தச் சுவை எஜமானர் வீட்டுச் சுவையும் ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டில் லட்சக்கணக்கான கறுப்பினத்தவர் வேலை தேடியும் இனக்கொடுமைக்குத் தப்பியும் சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் என்று வடக்கே போனபோது சட்டியும் கூடவே போனது. ‘சோல் ஃபுட்’ என்ற பெயர் 1960-களில் பரவியது.

நியூ ஆர்லியன்ஸில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. புனித வியாழனன்று ‘கம்போ செர்ப்’ என்று பல கீரைகளைச் சேர்த்துக் காய்ச்சுவார்கள். எத்தனை வகைக் கீரையோ அத்தனை புதிய நண்பர்கள் வருவார்கள் என்று நம்பிக்கை. ‘டூக்கி சேஸ்’ உணவகத்தின் லியா சேஸ் அம்மையார், 2019-இல் 96 வயதில் மறைந்தவர், அதை ஒன்பது கீரை போட்டுச் சமைப்பார்.

ஜனவரி முதல் தேதி கடையில் காலர்ட் தீர்ந்துபோகிறதே, ஏன்?

புத்தாண்டு விருந்து. கீரை நோட்டு, காராமணி சில்லறைக் காசு, கார்ன் பிரெட் தங்கம். மூன்றையும் அன்று சாப்பிட்டால் வருடம் முழுக்கப் பணம் புழங்கும் என்பது ஐதீகம். காராமணியும் ஆப்பிரிக்காவில் பிறந்த பயறுதான். சோற்றோடு சேர்த்து ‘ஹாப்பின் ஜான்’ என்று வைப்பார்கள். டிசம்பர் 29-க்குள் கட்டை வாங்கி வைத்துவிடுங்கள்.

இதை நம் முறையில் சமைக்கவே முடியாதா? பொரியல், கூட்டு?

முடியும், நறுக்குவதில்தான் விஷயம். பொரியலுக்கு இலைகளை இறுகச் சுருட்டி நூலாக அரிய வேண்டும். பிரேசிலில் மிளகாய் இல்லாமல் பூண்டு எண்ணெயில் இப்படித்தான் இரண்டு நிமிடம் வதக்கி, ஃபெஜ்வாதா என்ற கறுப்பு பீன்ஸ், இறைச்சிக் குழம்போடு வைப்பார்கள். நாம் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, ஒரு கை தண்ணீர் தெளித்து, பத்து நிமிடம் மூடி வைத்துத் தேங்காய் தூவினால் கோஸ் பொரியலுக்கு அண்ணன் ஒன்று கிடைக்கும். பருப்பு உசிலியும் பிரமாதமாக வரும்.

கடைசலுக்குக் காலர்ட் ஆகாது, நார் மத்தில் சுற்றும். அதற்கு டர்னிப் கீரையை எடுங்கள். பாசிப்பருப்புக் கூட்டுக்குக் கடுகுக்கீரை. பெரிய காலர்ட் இலை கிடைத்தால் துளு நாட்டுக்காரர்கள் சேம்பிலையில் செய்யும் பத்ரோடே செய்து பாருங்கள்: அரிசியும் புளியும் மிளகாயும் அரைத்த விழுதைத் தடவி, அடுக்கி, சுருட்டி ஆவியில் வேக வைத்துத் துண்டு போட்டு வறுப்பது. சேம்பிலையின் அரிப்பு இதில் இல்லை.

இரவில் கீரை சாப்பிடக்கூடாது என்பார்களே? வேறு உடல்நலக் கட்டுப்பாடு உண்டா?

தெற்கில் இது இரவு உணவிலும் வரும். ஜீரணம் மந்தமானவர்கள் மதியத்துக்கு வைத்துக்கொள்ளட்டும், மற்றவர்களுக்குத் தடையில்லை.

கவனிக்க வேண்டியவர்கள், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடுபவர்கள். காலர்டில் வைட்டமின் கே மிக அதிகம், அது அந்த மருந்தின் வேலையைத் தடுக்கும். ஒரு நாள் நிறைய, ஒரு வாரம் ஒன்றுமில்லை என்று ஏற்ற இறக்கமாகச் சாப்பிடுவதுதான் ஆபத்து. அளவை மருத்துவரிடம் கேட்டு நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இடைஞ்சல் கீரையில் இல்லை, எலும்பின் உப்பில் இருக்கிறது. பால் சேராதவர்களுக்கு இது வரப்பிரசாதம்: வெந்த காலர்ட் ஒரு கப்பில் 250 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். பசலையில் இருப்பதுபோல் ஆக்சலேட் வந்து அதைத் தடுப்பதும் இல்லை.

வேலியோரத்தில் செந்தண்டோடு ஒரு கீரை தானாக வளர்கிறது. ‘போக் சாலட்’ என்று பக்கத்து வீட்டுத் தாத்தா பறிக்கிறார். நாமும் பறிக்கலாமா?

வேண்டாம். விஷச்செடி. இளந்தளிரைப் பலமுறை தண்ணீர் மாற்றிக் கொதிக்க வைத்துச் சாப்பிட்டுப் பழகியவர்கள் இருக்கிறார்கள். பார்க்கத் தண்டங்கீரை மாதிரி இருக்கிறதே என்று நம்பி இறங்கும் கீரை இது இல்லை. வேர் இன்னும் மோசம், பழமும் விஷம்தான், குழந்தைகளை அண்ட விடாதீர்கள்.

வீட்டில் வளருமா?

ஜார்ஜியா பக்கம் ஆகஸ்ட், செப்டம்பரில் விதைத்தால் பனிக்காலம் முழுக்கப் பறிக்கலாம். ‘ஜார்ஜியா சதர்ன்’, ‘வேட்ஸ்’ இரண்டும் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பழைய ரகங்கள். செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுங்கள். அடி இலைகளை மட்டும் ஒடித்து, குருத்தை விட்டுவைத்தால் மறுபடி மறுபடி தரும். பச்சைப் புழு வரும். காலையில் இலையின் அடிப்புறம் பார்த்துக் கையால் எடுத்துவிடலாம்.

உணவகத்தில் காய்கறி வரிசையில்தானே கீரை இருக்கிறது, சைவர்கள் நம்பிச் சாப்பிடலாமா?

கூடாது, கேட்காமல் சாப்பிடக்கூடாது. ஓர் இறைச்சி, மூன்று காய் என்று தட்டு வைக்கும் தெற்கத்தி உணவகங்களில் கீரை, பீன்ஸ், காராமணி எல்லாம் ‘காய்’ பட்டியலில்தான் இருக்கும். மூன்றிலும் பன்றி இருக்கலாம். ‘இதில் இறைச்சி உண்டா’ என்று கேட்டால் துண்டு இல்லை என்ற நினைப்பில் ‘இல்லை’ என்பார்கள். ‘எதில் வேக வைத்தீர்கள்’ என்று கேளுங்கள். ஹலால் பார்ப்பவர்களுக்கும் இதே கேள்விதான். வான்கோழி என்று பதில் வந்தாலும் அது ஹலாலா என்று இன்னொரு கேள்வி பாக்கி.

மிச்சம் எத்தனை நாள் தாங்கும்?

வாங்கிய கட்டைக் கழுவாமல், காகிதத்தில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஐந்து நாள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே வைத்தால் மூன்று நாலு நாள், அதில் இரண்டாம் நாள்தான் ருசி உச்சம். பச்சையாக ஃப்ரீசரில் போடுவதானால் கொதிநீரில் மூன்று நிமிடம் முக்கி, ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிழிந்து பையில் அடையுங்கள்.

சாறு மட்டும் மிஞ்சினால் அதில் காராமணியை வேக வையுங்கள், அல்லது தண்ணீருக்குப் பதிலாக ஊற்றிச் சோறு பொங்குங்கள். உருளைக்கிழங்கு நாலு நறுக்கிப் போட்டுக் கொதிக்க வைத்தால் மறுநாள் சூப். ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக்கொண்டால் சாம்பாருக்குக்கூட ஒரு கட்டி போடலாம். புகை வாசனை சாம்பாரில் வேண்டாம் என்பவர்கள் வத்தக்குழம்பில் போடுங்கள், அங்கே யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.